ஒட்டுப்பால்

பன்னிரண்டு மில்லிமீட்டர் என்றார்கள்.
வலப்பக்க நாளம், பாதி வழியில்,
மூன்று இருக்க வேண்டிய இடத்தில்.
நாகர்கோவில் ஆஸ்பத்திரித் திரையில்
சாயம் பாய்ந்து வந்து
அங்கே மட்டும் தயங்கிச் சுழன்றதை
முழு நினைவோடு படுத்தபடி நானே பார்த்தேன்.
இரை விழுங்கின சாரை போல, என்றேன்.
டாக்டர் சிரிக்கவில்லை.

சின்ன வயதில் காய்ச்சல் வந்ததுண்டா,
கண் சிவந்து, நாக்குச் சிவந்து,
பிறகு விரல் நுனியில் தோல் உரிந்து?
வந்திருக்கலாம்.
குலசேகரத்துக்கு மேலே எஸ்டேட் லைன் வீட்டில்
எல்லாக் காய்ச்சலுக்கும் ஒரே பெயர்தான்.
கேட்டால் சொல்ல அம்மா இல்லை.
மஸ்கட்டிலிருந்து அக்கா போனில் சொன்னாள்:
"ஒனக்கு எப்பவும் தோலு உரியும்லே."
அதையும் எழுதிக்கொண்டார்கள்.

முதலில் மாத்திரை.
ஆஸ்பிரின் ஒன்று, வார்ஃபரின் ஒன்று.
வீங்கின இடத்தில் இரத்தம் தேங்கும்,
தேங்கினால் உறையும்,
உறைந்தது கீழே போய் அடைத்தால் அவ்வளவுதான்.
ஆகவே உறையக் கூடாது.
முந்நூறு மரத்துப் பாலை
ஆசிட் ஊற்றி உறைய வைக்கிறவனிடம்
சொல்லுகிறார்கள்.

மார்த்தாண்டத்தில் லேப், மாதம் இருமுறை.
இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே
நிற்க வேண்டிய ஒரு எண்.
அது நாலரைக்கு ஏறின அன்று
சவரம் செய்த கன்னம் மத்தியானம்வரை கசிந்தது.
முருங்கைக்கீரை தின்ற வாரம் ஒன்றரைக்கு இறங்கியது.
கீரை தின்னலாம், தினமும் ஒரே அளவு தின்னுங்கள்
என்றாள் நர்ஸ் பிரபலா.
எங்கள் வீட்டில் எதுதான்
தினமும் ஒரே அளவு?

பால்வெட்டுக் கத்தியை
ஸெலின் அரிசிப்பானைக்குள் ஒளித்து வைத்தாள்.
நான் கண்டுபிடித்தேன்.
மறுநாள் பானையே இல்லை.

இடவப்பாதிக்கு முன்னால்
மரங்களுக்குப் பிளாஸ்டிக் பாவாடை ஒட்டிக்கொண்டிருந்தபோது
தாடைவரை வலி ஏறியது.
தார் டப்பா கவிழ்ந்து
முழங்காலெல்லாம் கறுப்பு.
ஆம்புலன்ஸில் அதைத் துடைக்கத்தான் முயன்றேன்.

சர்ஜன் மெலிந்த ஆள்.
மருந்துச்சீட்டின் பின்பக்கம் பென்சிலால் வரைந்தார்:
ஸ்டென்ட் வைத்தால் நிற்காது, நழுவும்.
மேலே ஒரு கட்டு, கீழே ஒரு கட்டு,
காலிலிருந்து ஒரு நாளம் எடுத்து
பையைச் சுற்றி மறுவழி.
"தடி படாம வெட்டுவீயளா சார்?" என்று கேட்டேன்.
புரியவில்லை அவருக்கு.
பட்டையை மட்டும் சீவ வேண்டும்,
கத்தி தடியில் பட்டால்
அந்த இடம் முண்டு வைக்கும்,
பிறகு எத்தனை வருஷமானாலும் நேராகாது, என்றேன்.
பென்சிலைக் கீழே வைத்துவிட்டு
"பாத்து வெட்டுறேன்" என்றார்.

இப்போது நெஞ்சில் ஒரு நேர்கோடு,
கணுக்காலிலிருந்து முட்டுவரை இன்னொன்று.
ஒன்பதாம் நாள் தையல் பிரிக்கையில் கேட்டேன்:
பையைத் திறந்தப்போ உள்ளே என்ன கிடந்தது?
பழைய உறைவு. பழுப்பு நிறம். அடுக்கடுக்காக.
இழுத்தா நாடா மாதிரி வந்ததா?
அவர் நிமிர்ந்து பார்த்தார்.
"ஏறக்குறைய."

எனக்குத் தெரியும்.
நேற்றைய வெட்டில் காய்ந்து கிடப்பதை
விடியுமுன் உரித்துக் கூடையில் போட்ட பிறகுதான்
இன்றைய வெட்டு.
இருபத்திரண்டு வருஷம் உரித்திருக்கிறேன்.
ஷீட்டின் விலையில் பாதிகூடக் கிடைக்காது அதற்கு.

மாத்திரை நிற்கவில்லை. எண் நேற்று இரண்டு புள்ளி நாலு.
ஆறு மாதம் கத்தி தொடக் கூடாது.
மூன்று மணிக்கு ஸெலின்தான் போகிறாள்,
என் தலைவிளக்கை மாட்டிக்கொண்டு.
ஜன்னல் வழியே
வெளிச்சம் மரம் மரமாக நின்று நகர்வதை எண்ணுகிறேன்.
நாற்பதுக்கு மேல் சரிவில் மறைந்துவிடும்.

இன்று பெருவிரலை வெட்டிக்கொண்டு வந்தாள்.
வீடு வந்து சேருமுன்னே
இரத்தம் உறைந்திருந்தது.
கையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பினேன்.
"என்ன பாக்கீரு?"
ஒண்ணுமில்லை என்றேன்.
"அப்ப கைய விடும். பாலு ஊத்தணும்."